ஊமைக் காடியும் நாலாம் மாடியும்

புந்தோங், ஈப்போ
5.4.2026

அன்பு மகன் சுரேனுக்கு அம்மா கலாதேவி எழுதுவது. இங்கே நானும் என் வேனும் வேனில் ஏறுகிற பதினான்கு பள்ளிப் பிள்ளைகளும் நலம், முட்டி மட்டும் நாலாம் மாடி ஏறும்போது என்னோடு கொஞ்சம் சண்டை போடுகிறது, மற்றபடி மாரியம்மன் புண்ணியத்தில் குறை ஒன்றும் இல்லை. நீ அங்கே பெர்கனில் அந்த மழையிலும் குளிரிலும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தலை நனையாமல், சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று கேட்டால் எனக்கு அது போதும். போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் வாட்சாப்பில் பேசி அனுப்புவதை நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாய், அது எனக்குத் தெரியும். போன தடவை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோதே நீ மறந்து என் பழைய மெசேஜைத் தட்டிவிட்டாய், என் குரல் எலிக்குஞ்சு மாதிரி கீச்சுக்கீச்சென்று ஓடியது என் காதிலேயே விழுந்தது. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த வேலை.

நீ போன மாதம் கேட்டாயே, அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. உன்னோடு படித்த பையன் கோலாலம்பூரில் ஆரம்பித்திருக்கும் கம்பெனி, மின்சாரக் காருக்கு, நம்ம ஊர்ப் பேச்சில் காடிக்கு, சார்ஜ் போடும் இடங்களைப் பேராக் முழுக்க அமைக்க உன்னைக் கூப்பிடுகிறது, மே மாதக் கடைசிக்குள் நீ வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்லியாக வேண்டும். நார்வேயில் புதுக் காடி வாங்குகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் மின்சாரத்துக்கு மாறிவிட்டார்கள், நம்ம ஊரில் மட்டும் ஏன் இப்படி இழுத்துக்கொண்டே கிடக்கிறது, நான் வேலையை விட்டுவிட்டு வந்தால் அங்கே ஓடுமா ஓடாதா, நீ தினமும் ரோட்டில் இருக்கிறவள், உள்ளதை உள்ளபடி சொல்லும்மா என்று கேட்டாய். நல்ல ஆளிடம் கேட்டாய் போ. நீ திரும்பி வர வேண்டும் என்று ஆறு வருஷமாக நான் வேண்டாத வெள்ளிக்கிழமை இல்லை. வா, நன்றாக ஓடும் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் நீ பெட்டியைக் கட்டிவிடுவாய், எனக்கு அது தெரியும். ஆனால் நீ நம்பிக் கேட்டிருக்கிறாய், அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன், நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடமும் இன்னொருவரிடமும் மறைத்து வைத்திருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுச் சேதி முதலில். உன் அறை மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது, உன் மாமா உடையப்பன் வந்து சரி செய்தான். சமையல் கேஸ் தோங் காலியானால் இப்போதும் அவன்தான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு லிப்ட் இல்லாத இந்த நாலு மாடியும் ஏறி வருகிறான், ஐம்பத்தாறு வயதில், வேண்டாம்டா ஆளை வைத்துக்கொள்கிறேன் என்றால் கேட்பதில்லை. வேன் இன்ஸ்பெக்‌ஷன் இந்த வருஷம் முதல் தடவையே பாஸ். புதிதாக ஒன்றாம் வகுப்புக்கு மூன்று வாண்டுகள் வேனில் சேர்ந்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி தினமும் ஏறியவுடன் தூங்கி, பள்ளிக்கூட வாசலில் என்னை யார் என்று கேட்கிறாள். சிம்பாங் பக்கம் போன வாரம் பெய்த மழையில் ரோட்டில் தண்ணீர் ஏறி ஒரு மணி நேரம் வேனிலேயே உட்கார்ந்திருந்தோம், பிள்ளைகள் கத்திப் பாடியதில் எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

நீ மூன்று பேரைக் கேட்கச் சொன்னாய், நான் முப்பது பேரைக் கேட்டிருப்பேன். மதியம் பள்ளி விடும்வரை வெளியே காத்திருக்கிற அம்மா அப்பாக்கள், மற்ற வேன்காரர்கள், பெட்ரோல் எண்ணெய் ஸ்டேஷனில் வரிசையில் நிற்கிறவர்கள், ஒருவரையும் விடவில்லை. அடையாள அட்டை ஐசியைக் காட்டினால் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது, பிறகு எதுக்குக்கா இன்னொரு தலைவலி என்றார்கள் பாதிப் பேர். நம்ம ஆளுங்க வாங்குறது ரெண்டு கை மாறின பழைய காடி லா, மின்சாரக் காடியில பழசு வாங்கினா பேட்டரிக்கு எத்தனை வயசுன்னு யாரு பாத்து சொல்றது என்றான் ஒரு வேன்காரன், அது நியாயமான கேள்வி. எண்ணெய்க் காடி நடு ரோட்டில் நின்றால் பக்கத்தில் இருக்கும் எந்த போர்மேனும் பானெட்டைத் திறந்து, வாயில் இருந்து சிகரெட்டை எடுக்காமலே இன்னது என்று சொல்லிவிடுவான், இதைத் திறந்தால் உள்ளே ஒரு பெட்டிதான் தெரிகிறது, போர்மேனே கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறான் என்றார் இன்னொருவர். தீபாவளிக்கு ஊரே ஒரே நாளில் ஹைவேயில் இறங்கும்போது சார்ஜ் போட எத்தனை மணி நேரம் நிற்பது என்று கேட்டார்கள். எங்கேயோ காடி எரிகிற வீடியோ ஒன்று எல்லார் போனிலும் இருக்கிறது, அதை எனக்கு ஏழு பேர் காட்டினார்கள், ஏழும் ஒரே வீடியோ. எண்ணெய்க் காடி எரிந்தால் யாரும் அனுப்புவதில்லை, அதையும் நான் கவனித்தேன். இத்தனையும் கேட்ட பிறகும் என் மனசுக்கு நிறைவாக இல்லை, ஏனென்றால் இதை எல்லாம் தெரிந்தே ஒருவன் வாங்கினான், அவன் பட்ட பாடு இதில் எதனாலும் வந்ததில்லை. அவன் உன் மாமாதான்.

மாமா போன தீபாவளிக்கு முன்னால் மின்சாரக் காடி எடுத்தான் என்று உனக்குத் தெரியும், வெள்ளைக் காடி போட்டோவும் பார்த்திருப்பாய், ஆனால் பூசை நடந்த கதையை யாரும் உனக்கு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் பிளாட் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. நான் ஆரத்தித் தட்டோடு ஓரமாக நிற்கிறேன். பூசாரி ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே என்றார். மாமா பட்டனை அழுத்தினான். சத்தம் வரவில்லை. நம்ம ஆட்களுக்குப் பூசையில் இஞ்சின் உறுமினால்தான் காடிக்கு உயிர் வந்த மாதிரி, எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இன்னும் ஸ்டார்ட் ஆகல லா, நல்லா அமுக்குங்க என்று பின்னால் இருந்து ஒருத்தர் சொல்கிறார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன், அந்த நேரத்தில் அவனுக்கும் காது சொல்வதுதான் பெரிதாகிவிட்டது. கியரைப் போட்டான், இன்னும் கிளம்பவில்லை என்று நினைத்து இஞ்சினை உறும வைக்கிற மாதிரி காலை ஒரு அழுத்து அழுத்தினான். அது எப்போதோ ஸ்டார்ட் ஆகிவிட்டது சுரேன். எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம்தான் முதலில் கேட்டது. நான் தட்டைப் போட்டுவிட்டுத் தாவியதில் வடிகால் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன், ஆரத்தித் தண்ணீர் முழுக்க வெள்ளைக் காடியின் மேல் சிவப்பாக வழிகிறது, காடி போய் கோயில் பூச்செடித் தொட்டியை முட்டி நின்றது. ஒருத்தருக்கும் அடி இல்லை. பூசாரி தொட்டியையும் காடியையும் பார்த்துவிட்டு, ஆத்தா சத்தமில்லாம ஏறி உக்காந்துட்டா, நல்லதுதான் என்று விபூதியை எடுத்தார். அன்றிலிருந்து அதற்கு இங்கே பெயர் ஊமைக் காடி. சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் சொல்கிறது. நானும் அன்று பயந்துதான் போனேன், பொய் சொல்லமாட்டேன், என் வேன் பிள்ளைகள் பின்னால் வருகிற வண்டியைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் பார்க்கிறார்கள்.

பூசைக் கதை சிரிப்போடு போய்விட்டது. அடுத்த கதைதான் சிரிக்கிற மாதிரி இல்லை. மாமா வீடு நம் பிளாட்டிலேயே மூன்றாம் மாடி, காடி நிற்பது கீழே. கரண்ட் மீட்டர் மேலே, காடி கீழே. வீட்டு ஜன்னலில் இருந்து வயரைக் கயிறு மாதிரி தொங்கவிட முடியுமா, முடியாது, கீழே நடந்து போகிறவர் தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது. அதனால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை காடியை ஷாப்பிங் மாலுக்கு ஓட்டிப் போய், அங்கே இருக்கும் மெஷினுக்கு வரிசையில் நின்று, சார்ஜ் ஏறும்வரை உட்கார்ந்து தே தாரே டீயும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுவிட்டு வருகிறான், நாலு மாதத்தில் நாலு கிலோ கூடிவிட்டது. அடிக்கடி சாயங்காலம் எங்கேதான் போறீங்க என்று உன் அத்தை செல்லாயி ஒரு நாள் சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போய்ப் பார்த்தாள், அங்கே இவனை மாதிரி ஐந்து ஆண்கள் காடிக்கு வயரைச் சொருகிவிட்டு ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்களாம், பாவம் என்று இவளும் ஒரு ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தாள். கடைசியில் மாமா பிளாட் நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தான். தன் மீட்டரில் இருந்து சுவரோரமாகக் குழாய்க்குள் வயர் இறக்கி, தன் காடி நிற்கும் இடத்தில் ஒரு சார்ஜ் பாயிண்ட் வைத்துக்கொள்கிறேன், லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து என் செலவிலேயே செய்கிறேன், அனுமதி கொடுங்கள் என்று கேட்டான். ஜனவரியில் கூட்டம் போட்டார்கள். தலைவர் ஐயாவு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் பயம். இன்னைக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு நாப்பது பேரு வயர இறக்குவாங்க, நெருப்பு புடிச்சா நாலு மாடியும் போச்சு லா என்றார். கீழ்வீட்டு ரோஹாயா அக்காவும் தாக்குத் லா காலா, எனக்குப் பயமா இருக்கு என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்று பதினெட்டு, வேண்டாம் என்று பத்தொன்பது. ஒரே ஒரு கையில் போயிற்று. செயலாளர் என்ற முறையில் நான்தான் கைகளை எண்ணி, நோட்டில் எழுதினேன்.

இந்த இடத்தில் உன் அப்பாவைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது. உனக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. இரண்டாயிரத்து எட்டில் எண்ணெய் விலை ஒரே இரவில் ஏறியது, ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த உன் அப்பா ஜெயபாலன் காடிக்குக் கேஸ் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்து, காடிக்குப் பின்னால் சாமான் வைக்கிற பூட்டுக்குள் இரும்புத் தோங் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். கேஸ் மலிவுதான், அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அதை அடிக்க கோலாலம்பூர் போக வேண்டும், அங்கே டாக்சிகள் வரிசை பிடித்து நிற்கும், இவரும் நிற்பார். தோங் பூட்டை அடைத்துக்கொண்டதால் இரண்டு பெட்டியோடு வருகிற பயணி வேறு டாக்சிக்குப் போய்விடுவார். ஏங்க இதைக் கழற்றிவிடுங்கள் என்றால், பொறு கலா, நம்ம வீட்டுப் பக்கமே கேஸ் ஸ்டேஷன் வரும் என்பார். அடுத்த வருஷம் கேட்டால் வரும். அதற்கு அடுத்த வருஷமும் வரும். பதினோரு வருஷம் அந்த ஒரு வார்த்தையோடு குடும்பம் நடத்தினேன். கேஸ் நம் வீட்டுப் பக்கம் வரவே இல்லை, டாக்சியை விற்றார், அதற்கு இரண்டு வருஷத்தில் அவரும் போய்விட்டார். போன வருஷம் நாடு முழுக்க வண்டிக்குக் கேஸ் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள், செய்தியில் பார்த்தபோது டிவியை அணைத்துவிட்டு அவர் படத்துக்கு முன்னால் போனேன். நல்ல வேளை, இதைப் பார்க்க நீங்கள் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன்.

தைப்பூசம் கழிந்து அடுத்த வாரம் பாகான் டத்தோவில் உன் அப்பாவின் தங்கை மங்களம் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம். தென்னந்தோப்புக்குள் தரைவீடு கட்டியிருக்கிறாள், எல்லாம் புது வயரிங், புது டைல். மாமாவின் காடியில்தான் போனோம், மாமா, செல்லாயி, நான். முதல்நாள் மாலில் மெஷின் ரிப்பேர், அதனால் பேட்டரி அறுபது என்று காட்டும்போதே கிளம்பிவிட்டோம். கம்பார் தாண்டியதும் ஐம்பது, தெலுக் இந்தான் தாண்டும்போது முப்பத்தைந்துக்கும் கீழே, நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு வந்தேன். போய்ச் சேர்ந்தபோது இருபத்தேழு. வாசலில் நின்ற ஆண்கள் எல்லாரும் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள், வந்துட்டீங்க மச்சான், திரும்பி எப்படிப் போவீங்க, தள்ளிக்கிட்டா என்று ஒரே கேலி. மங்களம் சமையல்கட்டில் இருந்து எட்டிப் பார்த்தாள். அதுக்கு என்ன வேணும் என்று கேட்டாள். ஒரு பிளக் இருந்தா போதும் மங்களம் என்றான் மாமா. அவ்வளவுதானா, வர்றவங்களுக்கெல்லாம் சோறு போடறோம், அதுக்கும் போட்டுட்டுப் போறோம், சன்னல் வழியா வயர எடுத்துக்க அண்ணே என்று சொல்லிவிட்டு சாம்பாரைக் கிண்டப் போய்விட்டாள். மாமா காடியோடு கொடுத்த வயரை எடுத்து அடுப்படி சுவரில் சொருகினான். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் காடி நின்றது. பூசை முடிந்தது, சாப்பிட்டோம், பாயைப் போட்டுக் கொஞ்சம் படுத்தோம், நாலு மணிக்கு மழை பெய்து ஓய்ந்தது, காப்பி குடித்தோம். கிளம்பும்போது பார்த்தால் பேட்டரி மறுபடி அறுபது காட்டுகிறது. ஒருத்தரும் வரிசையில் நிற்கவில்லை, ஒருத்தரும் காத்திருக்கவும் இல்லை, நாங்கள் சாப்பிட்டு எழுந்த நேரத்தில் அதுவும் சாப்பிட்டிருந்தது.

திரும்பி வரும்போது நான் நம்பரைப் பார்க்கவில்லை. என் கண்ணில் அந்த அடுப்படி ஜன்னல்தான் நின்றது. மங்களம் வீட்டில் சுவருக்கும் காடிக்கும் பத்தடி. நம் வீட்டில் நாலு மாடி. உன் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது சுரேன். உன் கம்பெனிக்காரர்கள் காடியைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் நூறு பக்கம் எழுதி வைத்திருக்கட்டும், காடியில் ஒரு குறையும் இல்லை, அதைக் கட்டி வைத்துத் தீனி போட வாசல் உள்ள வீடு வேண்டும், அது நம்மில் பாதிப் பேருக்கு இல்லை. ரப்பர்த் தோட்டத்தை விற்று நம்மை லயத்தில் இருந்து எழுப்பினபோது வாசல் உள்ள வீட்டையா கொடுத்தார்கள், மாடியில் ஒரு சாவியைக் கொடுத்தார்கள், அதற்கே நாம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். தரைவீட்டுக்காரன் தனியாக முடிவு எடுக்கலாம். நம்மை மாதிரி பிளாட்டில் இருக்கிறவன் ஒரு வயர் இறக்க முப்பத்தேழு பேர் மனசு வைக்க வேண்டும். அந்த மனசுகளில் ஒன்று எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான் மறைத்து வைத்திருந்தேன். வேண்டாம் என்று எண்ணினேனே பத்தொன்பது கை, அதில் பத்தொன்பதாவது கை உன் அம்மாவுடையது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாருடைய கையையும் எண்ணிக்கொண்டே, எழுதுகிற பேனாவைக் கொஞ்சம் உயர்த்தி, என்னையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். என் கை அந்தப் பக்கம் போயிருந்தால் தம்பிக்கு வயர் கிடைத்திருக்கும்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். பிள்ளைகள், காது, நெருப்பு என்று எனக்கு நானே ஒரு வாரம் காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம் நீதான். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் நீ போனில், அம்மா, எனக்குக் கோலாலம்பூரில் இருந்து ஒரு வேலைக்கு அழைப்பு வரும்போல இருக்கு, நம்ம ஊரிலும் இது வரும்மா என்று சொன்னாய். உன் குரலில் அந்த வரும் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உன் அப்பா வாசலில் நின்று பேசுகிற மாதிரியே இருந்தது. ஒருத்தர் காத்திருந்ததைப் பார்த்துவிட்டேன், பிள்ளையையும் அந்த வரிசையில் நிற்க வைக்க எனக்குத் தெம்பு இல்லை. இங்கே இது முளைக்காமல் போனால் நீ அங்கேயே பத்திரமாக இருப்பாய் என்று நினைத்தேன். நீ வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை வேண்டிக்கொண்டவளும் நான்தான், நீ வராமல் இருக்கக் கை தூக்கியவளும் நான்தான். இப்படி எல்லாம் செய்யத் தாய் ஒருத்தியால்தான் முடியும் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நம்பாதே, அது பயம், வேறொன்றும் இல்லை. ஊரில் முப்பது பேரிடம் ஏன் வாங்கவில்லை என்று கேட்டு நடந்தவளுக்கு, கடைசியில் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. உன் நார்வேக்காரர்களுக்குப் பயமே இருந்திருக்காது என்று நான் நினைக்கவில்லை, அதைத் தாண்ட அவர்களுக்கு யாரோ வழி செய்திருப்பார்கள்.

இப்போது உனக்கு என் யோசனை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். எனக்காக வருவதென்றால் வராதே. நான் வேன் ஓட்டுகிறேன், சம்பாதிக்கிறேன், தம்பி பக்கத்தில் இருக்கிறான், என்னைக் காரணம் காட்டி நீ வந்து, வேலை ஓடாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தால் என்னால் அதைப் பார்க்க முடியாது. மாலில் பளபளவென்று இன்னும் நாலு மெஷின் நிறுத்துகிற வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்றாலும் வராதே, அதை யாரும் செய்வார்கள். ஆனால் பிளாட் பிளாட்டாகப் போய், ஐயாவு மாதிரி ஆட்களோடு உட்கார்ந்து, தே குடித்து, அவர்களுடைய தமிழிலும் மலாயிலும் நெருப்பு எதனால் பிடிக்கும் எதனால் பிடிக்காது என்று விளக்கி, ஒரு கூட்டத்தில் தோற்றால் அடுத்த கூட்டத்துக்கும் வந்து நிற்கிற வேலையாக அதை மாற்றிக்கொள்ள முடியும் என்றால், வா. அதற்கு நீதான் ஆள். நாலு மாடி ஏறி வளர்ந்தவனுக்குத்தான் அந்த வயர் எங்கே தொங்குகிறது என்று தெரியும். காடி விற்கிறவனாக வராதே, வயர் இறக்குகிறவனாக வா. ஓடுமா என்றால், ஓடும். சீக்கிரம் ஓடுமா என்றால், ஓடாது, அதையும் தெரிந்துகொண்டு வா. உன் அப்பா அது தானாக வரும் என்று உட்கார்ந்திருந்தார். இது உட்கார்ந்தால் வராது, போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டிய சாமான்.

சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. நோன்பும் ஹரி ராயாப் பெருநாளும் முடியட்டும் என்று இருந்தேன், இப்போது மறு கூட்டத்துக்கு நானே நோட்டீஸ் எழுதிப் படிக்கட்டு ஒவ்வொன்றிலும் ஒட்டிவிட்டேன். வரும் பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ரோஹாயா அக்காவை மாமா காடியில் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றி வந்தேன், ஏசி நல்லா இருக்கு லா என்றார், அது ஒரு கை. ஐயாவு இன்னும் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருக்கிறார், தீயணைப்புப் படையில் இருந்து ஒருவரை வந்து பேசச் சொல்லியிருக்கிறேன், அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒருவனிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. நேற்று மாலை மாமா கேஸ் தோங்கைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்படியில் இறக்கினான், மூச்சு வாங்கியது, தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, உடையப்பா, அன்னிக்கு அந்தக் கடைசிக் கை என்னுடையதுடா என்று சொன்னேன். அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். தெரியும்க்கா, பேனாவோட தூக்கின என்றான். மூன்று மாதமாகத் தெரிந்துகொண்டே ஒரு வார்த்தை கேட்காமல், அந்தத் தோங்கைத் தோளில் வைத்து நாலு மாடியும் ஏறி வந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பி, இந்தத் தடவை பேனாவ வச்சிட்டுத் தூக்குக்கா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சித்திரை பிறக்கப் போகிறது, புது வருஷத்தில் உனக்கு நல்ல உடம்பும் நல்ல புத்தியும் நீ எடுக்கும் முடிவில் தைரியமும் கிடைக்க வேண்டும் என்று உன் அப்பா படத்துக்கு முன்னாலும் அம்மன் முன்னாலும் விளக்கு வைத்து வேண்டிக்கொள்கிறேன், வந்தாலும் வராவிட்டாலும் நீ என் பிள்ளைதான். உன் போட்டோவில் எல்லாம் பக்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டோடு ஒரு பெண் நிற்கிறாளே, அவள் யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் நேரத்துக்குச் சாப்பிடட்டும். காலணியை ஈரத்தோடு போடாதே, கால் விரலில் புண் வரும். கூட்டம் நடக்கும்போது உனக்கு அங்கே விடியற்காலை நாலு மணி, அதற்காக அலாரம் வைத்து எழுந்திருக்காதே, தூங்கு. முடிந்ததும் எத்தனை கை என்று வாட்சாப்பில் சொல்கிறேன், அதை மட்டும் வேகத்தைக் கூட்டாமல் கேள். நான் இப்போதிருந்தே பழகிக்கொள்கிறேன், இதோ, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் அம்மா
ஜெ. கலாதேவி
நாலாம் மாடி